இரு லீக்குகளின் கூட்டும் இரசிகரின் கவலையும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்தினரை வெறுத்து எழுந்த சொல் அன்று அது. விருந்துக்கு ஓர் அளவும் ஒரு முறையும் வேண்டும் என்பதே அதன் கருத்து. குடும்பத்தாருக்குச் சொன்ன இவ்வறிவுரை, ஒரு நாட்டின் காற்பந்து லீக்கில் பிறிதொரு நாட்டின் குழு வந்து ஆடும் ஏற்பாட்டுக்கும் பொருந்துவதாகும். அத்தகைய ஏற்பாட்டை இரு நாட்டுச் சங்கங்களும் கூட்டுறவு என்றும் நல்லுறவு என்றும் அறிவிக்கின்றன. இரசிகர்களோ அச்செய்தியைக் கேட்டதும் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் கொள்கின்றனர். அக்கவலை யாது, அதற்கு ஆதாரம் உண்டா என்பதை இங்கே ஆராய்வோம்.

சுங்கை லாலாங் வட்டார வாசகர்களுக்கு இஃது எட்டாத பொருள் அன்று. 2025-26ஆம் ஆண்டுப் பருவத்தில் மலேசிய சூப்பர் லீக்கில் 13 குழுக்கள் ஆடின. அவற்றுள் ஒன்று புருணை நாட்டின் டி.பி.எம்.எம். குழு. அதே பட்டியலில் கெடா இல்லை. நிதி நெருக்கடியில் சிக்கிய நம் மாநிலக் கழகத்துக்கு அப்பருவத்தில் ஆடும் உரிமம் கிடைக்கவில்லை. கெடாவின் வீழ்ச்சிக்குப் புருணை எவ்வகையிலும் காரணமன்று. இதனை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும், பச்சை மஞ்சள் சட்டையணிந்து அலோர் ஸ்டாரின் டாருல் அமான் அரங்குக்குப் பேருந்தேறிப் போய்ப் பழகிய தோட்டத்து இரசிகர், பந்தியில் விருந்தினருக்கு இலை போட்டிருப்பதையும் தம் வீட்டாருக்கு இலை இல்லாதிருப்பதையும் ஒருசேரக் காணும்போது, சில கேள்விகளைக் கேட்பது இயல்பே.

கிண்ணம் வேறு, லீக் வேறு

கிண்ணப் போட்டி ஒரு திருவிழாவைப் போன்றது. பல ஊரார் கூடுவர். தோற்றவர் வீடு திரும்புவர். முடிவில் ஒருவர் கிண்ணம் ஏந்துவர். அயலூரார் ஒருவர் கூடுதலாக வந்தாலும் திருவிழா கெடுவதில்லை.

லீக் அவ்வாறன்று. அஃது ஓராண்டுக் குடித்தனம். 12 குழுக்கள் இருப்பின், ஒவ்வொரு குழுவும் மற்ற 11 குழுக்களைச் சொந்தத் திடலில் ஒருமுறையும் அவர்தம் திடலில் ஒருமுறையுமாகச் சந்தித்து 22 ஆட்டங்கள் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. அடியில் நிற்போர் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவர். கீழ்ப் பிரிவில் முந்தியோர் மேலேறுவர். ஆகவே மேற்பிரிவில் ஓர் இடம் என்பது வெறும் பெருமை அன்று. அதைப் பொறுத்தே நுழைவுச்சீட்டு வசூலும், விளம்பரதாரரின் ஆதரவும், ஆட்டக்காரர்களின் சம்பளமும் அமைகின்றன. வெளியிலிருந்து ஒரு குழுவை நேரே மேற்பிரிவில் அமர்த்தினால், ஒன்று பட்டியல் நீள வேண்டும். அன்றேல் வேறொருவர் இடம்விட வேண்டும். இரசிகரின் கவலைக்கு வேர் இங்கேதான் உள்ளது.

கெடா கண்ட சிங்கப்பூர்

1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் அளித்த பரிசே மலாயாக் கிண்ணம். 1967 முதல் அதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர். முதலாண்டு இறுதியாட்டத்திலேயே சிலாங்கூரை 2-1 என வென்றது சிங்கப்பூர். 1965இல் நாடு பிரிந்த பின்னரும் பந்தாட்டத்தில் உறவு அறவில்லை. 1994 வரை சிங்கப்பூர் அக்கிண்ணத்தை 24 முறை வென்றது.

இவ்வரலாற்றில் கெடாவுக்குத் தனிப்பங்கு உண்டு. 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து இறுதியாட்டத்துக்கு வந்து, மூன்றிலும் கோலாலம்பூரிடம் தோற்றது கெடா. அக்காலக் கோலாலம்பூர்க் குழுவில் சிங்கப்பூரின் பாண்டி அகமதுவும் மாலேக் அவாபும் ஆடினர். அடுத்த ஆண்டு, அதாவது 1990இல், கெடா முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இறுதியில் எதிர்த்து நின்றது சிங்கப்பூர், முடிவு 3-1. மீண்டும் 1993இல் அதே சிங்கப்பூரை 2-0 என வென்று இரண்டாம் முறை கிண்ணம் பெற்றது.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. கெடா இரசிகர் விருந்துக் குழுவின் பகைவர் அல்லர். வலியவனை வென்றால்தான் வெற்றிக்கு மதிப்பு என்பதை அவர் அனுபவத்தில் கண்டவர். அவர் கவலைப்படுகிறார் என்றால் அது பொறாமையால் அன்று.

1994இல் லீக் பட்டத்தையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது சிங்கப்பூர். ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0 என வீழ்த்தியது. அடுத்த ஆண்டு அக்குழு இல்லை. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கும், ஆட்ட முடிவுகளைப் பணத்துக்கு விற்ற ஊழல் எழுப்பிய புயலும் எழுபதாண்டு உறவை முறித்தன. 1996இல் சிங்கப்பூர் 8 கழகங்களைக் கொண்டு தனக்கென 'எஸ்.லீக்' என்னும் தொழில்முறை லீக்கைத் தொடங்கிக்கொண்டது. அன்று முதல் இரண்டு வீடுகள், இரண்டு அடுப்புகள்.

மீண்டும் ஓர் உடன்பாடு

2011இல் இரு நாட்டுச் சங்கங்களும் மீண்டும் கை கோத்தன. 2012 பருவம் முதல் 'லயன்ஸ் 12' என்னும் சிங்கப்பூர்க் குழு மலேசிய சூப்பர் லீக்கில் நேரே இடம்பெற்றது. பதிலுக்கு மலேசியாவின் 'ஹரிமாவ் மூடா' என்னும் இளைஞர் குழு சிங்கப்பூரின் எஸ்.லீக்கில் ஆடியது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தது போன்ற ஏற்பாடு எனலாம்.

லயன்ஸ் 12 சோடை போகவில்லை. 2012இல் கிளந்தானுக்கு அடுத்து இரண்டாம் இடம். 2013இல் வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் லீக் பட்டம். 2015இல் பாண்டி அகமதின் பயிற்சியில் எஃப்.ஏ. கிண்ணம், இறுதியில் கிளந்தானை 3-1 என வென்றது. ஆனால் அவ்வாண்டு நவம்பரில், உடன்பாட்டை நீட்டிப்பதில்லை என மலேசியக் காற்பந்துச் சங்கம் முடிவு செய்தது. லயன்ஸ் 12 கலைந்தது. ஹரிமாவ் மூடாவும் கலைந்தது. நான்கு பருவங்களோடு உறவு முடிந்தது.

அந்த நான்கு பருவங்களிலும் கெடாவின் நிலை என்ன? 2012இல் சூப்பர் லீக்கில் இருந்த கெடா, கீழிறங்கி 2013 முதல் 2015 வரை பிரிமியர் லீக்கில் ஆடியது. 2015இல் அங்கு முதலிடம் பெற்றே மேலேறியது. விருந்துக் குழு முதல் நாளிலேயே அமர்ந்த இடத்துக்குக் கெடா மூன்றாண்டு உழைத்துத் திரும்ப வேண்டியிருந்தது.

இரசிகரின் கேள்விகள்

இரு கரைகளிலும் எழுந்த கவலைகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, ஆள்வற்றல். சிறந்த இளைஞர்களைத் திரட்டி அயல்நாட்டு லீக்குக்கு அனுப்பினால் உள்நாட்டு லீக் வலுவிழக்கும். எஸ்.லீக் கழகங்களை விரும்பியோர் சொன்ன குறை இதுவே. எல்லார் கண்ணும் லயன்ஸ் 12இன் மேல் இருந்தபோது, தம் கழகங்களின் ஆட்டங்களைப் பார்ப்பார் இல்லை என்று அவர்கள் வருந்தினர். ஊற்று நீரை அயல் வயலுக்குத் திருப்பினால் சொந்த வயல் காயும் என்பது வேளாண்மை அறிந்த நமக்குப் புதிதன்று.

இரண்டாவது, பட்டத்தின் மதிப்பு. ஒரு நாட்டின் லீக்கில் முதல்வராவோர் ஆசியக் கழகப் போட்டிகளில் அந்நாட்டின் சார்பில் ஆடுவது வழக்கம். 2013இல் மலேசிய லீக்கில் முதல்வரானது சிங்கப்பூர்க் குழு. சிங்கப்பூர்ச் சங்கத்தைச் சேர்ந்த குழு மலேசியாவின் சார்பில் ஆடுவது எங்ஙனம்? ஆகவே 2014ஆம் ஆண்டு ஏ.எஃப்.சி. கிண்ணத்துக்கு மலேசியாவிலிருந்து சென்றவை கிளந்தானும் சிலாங்கூரும். வென்றவருக்கு வாயில் திறக்கவில்லை, தோற்றவருக்குத் திறந்தது. இரு தரப்பு இரசிகரும் இதில் நிறைவு கொள்ள இயலாது.

மூன்றாவது, விதிகளின் சமன்மை. ஒரு குழு எத்தனை வெளிநாட்டாரை ஆடவிடலாம் என்பதற்கு லீக்குகளில் வரம்பு உண்டு. ஒரு சிங்கப்பூர் ஆட்டக்காரர் கெடாவுக்கு ஆட வந்தால் அவர் வெளிநாட்டார். அவரே விருந்துக் குழுவில் ஆடினால் அக்குழுவுக்கு அவர் சொந்த நாட்டார். ஒரே திடலில் ஒருவருக்கே இரண்டு அளவுகோல். இதற்கு நியாயமான விடை கூற இயலும். ஆனால் பருவம் தொடங்குமுன் கூற வேண்டும்.

நான்காவது, காலம். ஒப்பந்தம் சங்கங்களுக்குள் செய்யப்படுவது. முடியும் நாளையும் அவையே குறிக்கும். இரசிகரின் பற்றுக்கோ ஒப்பந்தம் இல்லை, முடிவு நாளும் இல்லை. தம் குழுவைத் தேடித் திடலுக்கு வரும் இரசிகரைப் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று போற்றுவது காற்பந்து வழக்கு. 2015 நவம்பரில் கலைந்த குழுவின் பெயரிலேயே அந்த எண் இருந்தது. எனினும் முடிவெடுத்த மேசையில் பன்னிரண்டாமவருக்கு நாற்காலி இல்லை.

பிற நாடுகளின் பாடம்

இக்கவலை நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. நியூசிலாந்தின் வெலிங்டன் பீனிக்ஸ் குழு 2007 முதல் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடி வருவது. அதன் உரிமத்தை மேலும் பத்தாண்டு நீட்டிக்க 2015 அக்டோபரில் ஆஸ்திரேலியச் சங்கம் மறுத்தது. வெலிங்டன் இரசிகர்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டு நிபந்தனைகளோடு நீட்டிப்புக் கிடைத்தது. லயன்ஸ் 12 மறைந்த அதே காலத்தில் நிகழ்ந்தது இது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் பெண்களுக்கென 2012இல் ஒரு கூட்டு லீக் அமைத்தன. அதுவும் 2015இல் கலைந்து, இரு நாடுகளும் தத்தம் லீக்குக்குத் திரும்பின.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள், உள்ளவருக்கே நிலையான இடம் என்னும் முறையில் தனி லீக் ஒன்றை அறிவித்தன. இங்கிலாந்து இரசிகர்கள் தெருவில் இறங்கினர். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின. ஏறுவதும் இறங்குவதும் ஆட்டத்தால் தீர வேண்டும், பேரத்தால் அன்று என்பதே அவர்களின் வாதம்.

புருணைக் குழுவின் வரலாறும் கருதத்தக்கது. டி.பி.எம்.எம். 2005 முதல் 2008 வரை மலேசிய லீக்கில் ஆடியது. 2009இல் சிங்கப்பூருக்குச் சென்றது. அவ்வாண்டே புருணைச் சங்கத்தை உலகக் காற்பந்துச் சம்மேளனம் இடைநீக்கம் செய்யவே, பருவத்தின் நடுவில் குழு விலக நேர்ந்தது. அக்குழுவோடு மற்றவர் ஆடிய லீக் ஆட்டங்களின் முடிவுகளும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அயல்வீட்டு வழக்கு நம் வீட்டுப் புள்ளிப் பட்டியலைக் கலைக்க முடியும் என்பதற்கு இது சான்று. பின்னர் மீண்டு வந்த அக்குழு 2015இலும் 2019இலும் சிங்கப்பூர் லீக்கை வென்றது. அதன் ஆட்டத்திறனில் குறை காண்பதற்கில்லை. 2025இல் மீண்டும் மலேசியாவுக்கு வந்தது.

செய்ய வேண்டுவன

விருந்தினர் வேண்டாம் என்பது நம் முடிவன்று. சிறிய நாடுகளின் குழுக்களுக்கு வலிய எதிரிகள் தேவை. நம் குழுக்களுக்கும் தேவை. ஆனால் கூட்டு அமைப்போர் நான்கு செய்திகளை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். விருந்துக் குழு எத்தனை ஆண்டு இருக்கும்? அதுவும் மற்றவரைப் போல் கீழிறங்கக் கூடுமா? வசூலும் ஆசியப் போட்டி இடமும் எவ்வாறு பங்கிடப்படும்? இடையில் விலகினால் புள்ளிகள் என்னாகும்? 1995இன் பிணக்கும், 2013இன் முரணும், 2009இன் குழப்பமும் இவற்றுள் ஒவ்வொன்றுக்கு விடையில்லாமையால் விளைந்தவை.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதை அயலாரிடம் கேட்க இயலாது. நம் கழகத்தின் கணக்குப் புத்தகம் எந்நிலையில் உள்ளது என்று நம் நிர்வாகத்தாரிடம் கேட்க வேண்டும். விருந்தினருக்கு விதி வகுக்கும் கூட்டத்தில் அமர்ந்து பேசவேண்டுமானால், வீட்டாருக்கு முதலில் பந்தியில் இடம் இருக்க வேண்டும் அன்றோ? சுங்கை லாலாங் திடலில் மாலைதோறும் பந்துதைக்கும் சிறுவனுக்கு லீக் ஒப்பந்தங்கள் தெரியா. அவன் வளர்ந்து அணிய விரும்பும் சட்டை பச்சையும் மஞ்சளும். அச்சட்டைக்கு மேற்பிரிவில் ஓர் இடம் காத்திருக்கச் செய்வதே பெரியவர்களின் கடமையாகும்.