மண்ணெடுத்து வா, மருமகனே

எங்கள் ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழகிய பிள்ளைகளுக்குக் கடைசிப் பரீட்சை ஒன்று இருந்தது. மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, அடிமட்டம் வரையில் முக்குளித்து, தரையிலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளி வந்து, கரையில் நிற்பவர்களுக்குக் கையை விரித்துக் காட்டவேண்டும்; மண்ணெடுத்தல் என்று அதற்குப் பெயர். என் அத்தை மகன், எனக்கு மூத்தவர், பதினாறு வயதில் ஒரு சித்திரை மாதம் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவருக்குத் தாய்மாமன் முறையான என் சித்தப்பா, கமலைக் கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, தம் பெண்மக்கள் இருவரும் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த வேளை பார்த்து, "என்ன மருமகனே, மண்ணெடுப்பியா, இல்லே பொம்பளைப் பிள்ளைகளோட சேர்ந்து துணி துவைப்பியா?" என்றார். ஒரு ரூபாய் பந்தயம். கோடையிலும் அந்தக் கிணற்றில் மூன்று ஆள் தண்ணீர் நிற்கும்.

முதல் தடவை அத்தான் வெறுங்கையோடு மேலே வந்தார். எல்லோரும் சிரித்தோம், நானுந்தான் சிரித்தேன். இரண்டாம் தடவை, பெரிய பையன்கள் சொல்லிக் கொடுத்தபடி, வேகவேகமாகப் பத்துப் பதினைந்து முறை மூச்சை இழுத்து இழுத்து விட்டுவிட்டுப் பாய்ந்தார். நெடுநேரம் ஆயிற்று. சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். பிறகு தலை தெரிந்தது. உயர்த்திய கையில் கறுத்த சேறு வழிந்தது. இடது காதிலிருந்து கழுத்து வழியாக மெல்லிய ரத்தக்கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

நண்பர்களும் உறவினர்களும் விடுக்கும் சவாலைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்தபோது, புராண இதிகாசங்களுக்கு முன்னால் அந்த ரத்தக்கோடுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஆயினும் இதிகாசத்தையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. சூதாட அழைத்தால் மறுப்பது க்ஷத்திரியனுக்கு அழகல்ல என்ற காரணத்தை வைத்துக்கொண்டு ஆடத் துணிந்த தருமனை அழைத்தவர்கள் யார்? பகைநாட்டு அரசர்கள் அல்லர்; பெரியப்பாவின் பிள்ளைகள். அழைப்பைச் சுமந்து வந்தவரோ, ஆட்டம் வேண்டாம் என்று மனத்துக்குள் நொந்துகொண்டே வந்த சிறிய தந்தை விதுரர். அந்நியன் சவால் விட்டால் சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய மனிதன், மச்சான் சவால் விட்டால் போக முடியாமல் நின்றுவிடுகிறான்; நாளைக்கும் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும், அடுத்த பொங்கலுக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ரோசம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே, 'அவனாகத்தானே ஒத்துக்கொண்டான்' என்று பிற்பாடு சொல்லப்படும் சமாதானம், உறவுக்காரர் வாயிலிருந்து வரும்போது, அந்நியர் வாயிலிருந்து வருவதைக் காட்டிலும் பலமடங்கு பலவீனமானது என்பது என் அபிப்பிராயம்.

அன்று அத்தானுக்கு என்ன நேர்ந்தது என்பதை நெடுநாள் கழித்து ஒரு வைத்தியர் விளக்கினார். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கில் தண்ணீரின் பளு கூடுகிறது. மூன்று ஆள் ஆழத்தில் பாதி வளிமண்டலம் அதிகமாயிருக்கும். மூக்கைப் பிடித்து ஊதிக் காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்யத் தெரியாதவனுக்குச் செவிப்பறை கிழிவதற்கு அது போதும். அதைவிடப் பெரிய அபாயம் அந்த மூச்சுப் பயிற்சியில் இருந்தது. 'மூச்சு முட்டுகிறது' என்ற உணர்வு, பிராணவாயு குறைவதால் முக்கியமாக எழுவதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் எழுகிறது. முன்கூட்டியே வேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டவனுக்குப் பிராணவாயு தீர்ந்துபோன பிறகும் முட்டல் வருவதில்லை. துடிக்காமல், கையைக் காலை உதறாமல், தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடுகிறது. நீந்தத் தெரிந்தவன் எப்படி மூழ்கினான் என்று ஊரார் வியக்கும் மரணங்களில் சில இவ்வகையானவை. அத்தான் ஒரு காதோடு தப்பினார்.

பந்தயப் பணத்தின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலவரத்தில் அந்த ஒரு ரூபாயைச் சித்தப்பா கொடுக்கவேயில்லை. வழக்குப் போட்டிருந்தாலும் கிடைத்திராது: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30-ஆம் பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்றும், வென்ற தொகையைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்றும் விதித்திருக்கிறது, குதிரைப் பந்தயத்தில் வென்றவருக்கு அளிக்கப்படும், 500 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பரிசுக்காகச் செலுத்தும் சந்தாவுக்கு மட்டும் அங்கே ஒரு விலக்கு உண்டு. எனவே, சிநேகிதர்களிடையே தோற்றுப்போன தொகைக்காகப் புரோநோட்டு எழுதி வாங்கப்பட்டிருந்தாலும், அதன் அடியில் கிடப்பது பந்தயமே என்று நிரூபிக்க முடிந்தால், எழுதிக் கொடுத்தவர் அஞ்சவேண்டியதில்லை. மிரட்டி வசூலிக்க முயன்றால் அது போலீஸில் புகார் கொடுக்கத்தக்க வேறொரு குற்றமாகிறது. 'முதல் மார்க் வாங்கு, மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்ற தகப்பனாரின் வாக்கு பந்தயம் அன்று. ஆயினும் வீட்டுக்குள் சொல்லும் இத்தகைய வாக்குகளுக்குக் கோர்ட்டார் சாதாரணமாகக் காது கொடுப்பதில்லை. இலங்கையில் நீர்ப்பாசன இயக்குநராயிருந்த ஓர் ஆங்கிலேயர், சீமையில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொல்லிப் பிறகு நிறுத்திவிட்ட பால்ஃபர் வழக்கில், அந்த வாக்கு கோர்ட்டில் செல்லாது என்று 1919-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் முதல் வருஷத்திலேயே போதிக்கப்படுகிறது.

பணம் சில்லறை விஷயம், உடம்பு அப்படியன்று. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவைப் பின்பற்றி, பதினெட்டு வயது கடந்தவர் சம்மதித்து ஏற்ற தீங்குக்குப் பிறரைக் குற்றவாளியாக்குவதில்லை என்று கூறுகிறது. விளையாட்டாக வாள்வீச்சுப் பழகும் இருவரையே அது உதாரணம் காட்டுகிறது. ஆனால் அதிலேயே ஒரு கட்டுப்பாடும் அடங்கியிருக்கிறது: மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கக்கூடியது என்று செய்பவருக்குத் தெரிந்த காரியமாயிருப்பின் அந்தப் பாதுகாப்பு இல்லை. அச்சத்தால் கொடுத்த சம்மதமும், போதையில் தான் இசைவது இன்னதென்று விளங்காதவன் கொடுத்த சம்மதமும் சம்மதமே அல்ல என்று 28-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. அஜாக்கிரதையால் மரணம் விளைந்தால் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரையிலும், பிறர் உயிருக்கு அபாயம் உண்டாக்கிக் கொடுங்காயம் விளைந்தால் 125-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரையிலும் சிறைத்தண்டனை கிடைக்கலாம். சவால் விட்ட ஒவ்வொருவரும் சிறைக்குப் போவார் என்று நான் பயமுறுத்தவில்லை. தானே இறங்கியவனுடைய செயலுக்கும் தூண்டியவனுடைய பொறுப்புக்கும் உள்ள உறவு, அந்தந்த வழக்கின் சங்கதிகளைப் பொறுத்தது. கரையில் நின்றவர்களையும் போலீஸார் விசாரிப்பார்கள், கைத்தொலைபேசியில் உற்சாகமாக எடுத்த படமே முதல் சாட்சியாக வந்து நிற்கும் என்பவை மட்டும் நிச்சயம்.

இக்காலத்துச் சவால்களில் மிகக் கொடியது எது என்று கேட்டால், கிணற்றை அல்ல, பாட்டிலைத்தான் காட்டுவேன். கலியாணத்துக்கு முந்தின ராத்திரி, மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஒரு பையனை நடுவில் உட்கார்த்தி, ஒரு குவார்ட்டரைத் தண்ணீர் கலக்காமல் 'ராவாக' ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லுகிறார்கள். 180 மில்லி லிட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. மணிக்குப் பத்துக் கிராமைச் சமாளிப்பதே ஈரலுக்குப் பெரும்பாடு. பையன் சாய்ந்த பிறகும் வயிற்றிலுள்ள சாராயம் இரத்தத்தில் ஏறிக்கொண்டேயிருக்கிறது. எனவே, 'தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்' என்று மண்டபத்து மூலையில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் போவது, மரணத்துக்குப் பாய் விரித்துக் கொடுப்பதற்குச் சமானம். மோர், எலுமிச்சம்பழச் சாறு, தலையில் ஊற்றும் குளிர்ந்த தண்ணீர் ஆகிய எதுவும் சாராயத்தை முறிப்பதில்லை. நினைவு தப்பியவன் வாயில் எதையேனும் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்தைவிட்டு நகராமல், 108 ஆம்புலன்ஸை அழைப்பதே வழி. வந்த வைத்தியரிடம் எவ்வளவு குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். குடித்தவன் பதினெட்டு வயது நிரம்பாதவனாயின், ஊற்றிக் கொடுத்தவர் மாமனோ மச்சானோ, சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலுக்கு உட்படக்கூடும்.

தின்னும் பந்தயம் பார்வைக்கு நிரபராதியாகத் தோன்றும். பரோட்டாப் பந்தயத்தைச் சினிமாவில் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் நாம். 2024 ஓணத்தின்போது பாலக்காட்டு வட்டாரத்தில் நடந்த இட்லிப் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்தார். மல்லிகைப் பூவைப் போன்றது என்று நாம் புகழும் இட்லிதான் அது. விக்கியவன் பேச முடியாமல், இரும முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், தண்ணீர் கொடுக்கக்கூடாது. முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டவேண்டும். பலிக்காவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி மேல்நோக்கி ஐந்து முறை அழுத்தவேண்டும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, வேறொருவரைக் கொண்டு 108-ஐ அழைக்கவேண்டும். தண்ணீரையே பந்தயம் வைத்துக் குடித்தாலும் உடம்பிலுள்ள உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கிவிடும். 2007-இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரத்தில், பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் கருவியைப் பரிசாகப் பெறுவதற்காக வானொலிப் போட்டியில் தண்ணீர் குடித்த ஒரு தாயார் அவ்விதமே இறந்து, அந்த நிலையத்தார் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது.

சவாலே கூடாது என்பதன்று என் கட்சி. நெல்லைச் சீமையில் பொங்கல் சமயத்தில் தூக்கப்படும் இளவட்டக்கல்லைப் பாருங்கள்: முழங்கால் வரை தூக்குவது ஒரு படி, மார்பு வரை ஒரு படி, தோளுக்கு ஏற்றிப் பின்புறம் எறிவது கடைசிப் படி. எந்தப் படியிலும் கல்லைக் கீழே போட்டுவிடலாம். அக்கல்லைத் தூக்கினவனுக்கே பெண் என்று பேசிய அந்தக் காலத்தில்கூட, தூக்க முடியாதவன் அடுத்த பொங்கல் வரையில் பழகுவதற்குத் தடையில்லை. 'இன்றே, இப்போதே, எல்லோர் முன்னிலையிலும்' என்று வரும் சவாலில் இந்தப் படிகள் எவையும் கிடையா. நல்ல சவால் வீட்டுக்குள்ளும் உண்டு: என் மனைவி ஒருமுறை என் புகையிலைப் பழக்கத்தின்மேல் சவால் விட்டு, நான் விடுகிற வரையில் தான் காப்பியைத் தொடுவதில்லை என்று சொன்னாள். நாற்பது நாளில் அவளுடைய தலைவலியைப் பார்க்கச் சகியாமலே நான் விட்டேன்.

வண்டிப் பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 199-ஏ பிரிவு தகப்பனாரை மூன்று ஆண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் இழுக்கிறது. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரையில் உரிமம் கிடையாது. சாவியை எடுத்துக் கொடுத்து, 'ஓட்டிக் காட்டு பார்க்கலாம்' என்று தட்டிக்கொடுக்கும் சித்தப்பாக்கள் இதை அறிந்திருப்பது நலம்.

கல்லூரி விடுதியில் மூத்த மாணவர் விடுக்கும் சவாலுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஒரு மருத்துவ மாணவரின் கொலை 1996-இல் தமிழகத்தை உலுக்கியதற்குப் பின்னர், 1997-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் புகார் செய்யலாம். சிறுவர்களுக்கு 1098. இலவசச் சட்ட உதவி 15100-இல் கிடைக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. உயிரிழப்பு நேர்ந்துவிட்ட குடும்பத்தார், குற்ற வழக்கு ஒருபுறம் நடக்க, 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்படி நஷ்டஈட்டு வழக்கும் தொடரலாம். ஆனால் மரணம் நிகழ்ந்த தேதியிலிருந்து இரண்டே ஆண்டுகள்தான் அவகாசம். 'சொந்தக்காரன்மேல் எப்படிக் கேஸ் போடுவது' என்ற தயக்கத்திலேயே அந்த இரண்டு ஆண்டுகள் கழிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

மறுப்பதற்கு என் அப்பத்தாவுக்கு ஒரு முறை இருந்தது. யாராவது அவளைச் சீண்டினால், 'நான் தோத்துட்டேன்னு வச்சுக்கோ, இப்ப என்னங்கிறே?' என்பாள். சீண்டினவர்களுக்கு மேற்கொண்டு பேச்சு ஓடாது. ஆண்பிள்ளைகளுக்கு ஏனோ அந்த வாக்கியத்தை அவள் கற்றுக்கொடுக்கவில்லை.

அத்தானுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சித்தப்பாவின் மூத்த மகளையே கட்டிக்கொண்டார். தொலைபேசியை வலது காதில்தான் வைப்பார். இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால் தலையை முழுதும் திருப்பிக்கொண்டு, 'என்ன சொன்னே?' என்பார். போன தீபாவளிக்கு அவர் பேரனை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நடக்கும்படி கீழே நின்ற பையன்கள் கூவிக்கொண்டிருந்தபோது, எங்களில் முதலில் கேட்டவர் அவரில்லை. கேட்டதும் முதலில் படியேறினவர் அவர்தான். பையனைக் கீழே இறக்கிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கத்தினவர்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, யார் முதலில் சொன்னது என்று ஒவ்வொருவனாக விசாரித்தார். ஏறினவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.