சந்தை எந்தக் கிழமை? அடுத்த வீட்டைக் கேட்டால் தில்லியில் செலவு குறையும்

புதுதில்லி: தலைநகருக்கு மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர் குடும்பத்தின் முதல் மாதச் செலவையும் ஆறாவது மாதச் செலவையும் ஒப்பிட்டால் கணிசமான வேறுபாடு தெரியும். இடைப்பட்ட காலத்தில் ஊதியம் உயர்ந்திருக்காது, விலைவாசியும் இறங்கியிருக்காது. எந்தத் தெருவில் எந்தக் கிழமையில் சந்தை கூடுகிறது, முருங்கைக்காய் எங்கே கிடைக்கும், எந்தக் கடைக்காரரிடம் பேரம் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கே வயிறாரச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் அதற்குள் அடுத்த வீட்டார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எந்த அரசுக் கையேட்டிலும் அச்சாகாத இந்த அறிவு, தில்லியின் அரசுக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வளர்ந்தது. ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ செல்பவர்கள் அதைப் புதிதாக வருபவர்களிடம் ஒப்படைத்துச் சென்றனர். பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்து வரும் நிலையில், அந்த அறிவையும் அதற்கு ஆதாரமான சந்தைகளையும் எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வி எழுந்துள்ளது.

கிழமையே பெயராக...

தில்லியின் வாரச் சந்தைகளுக்குக் கிழமைதான் பெயர். திங்களன்று கூடினால் "சோம் பஜார்", செவ்வாயன்று "மங்கள் பஜார்", புதனன்று "புத் பஜார்", சனிக்கிழமை "சனி பஜார்". ஒரே வியாபாரி திங்களன்று ஒரு பகுதியிலும் செவ்வாயன்று வேறொரு பகுதியிலும் கடை விரிப்பார். அவர் எங்கே போகிறார் என்பதை அறிந்தவர்கள், தங்கள் பகுதிச் சந்தையைத் தவற விட்டாலும் அடுத்த நாள் அடுத்த பகுதிக்குச் சென்று வாங்கிக் கொள்வர்.

பிற்பகலில் கட்டில்களும் தார்ப்பாய்களும் விரிக்கப்பட்டு, மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது சந்தை சூடு பிடிக்கும். காய்கறி, துணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமான், மசாலா, செருப்பு என்று வீட்டுக்கு வேண்டிய அனைத்தும் ஒரே தெருவில் கிடைக்கும். தரமான காய் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே செல்ல வேண்டும். விலை குறைவாக வேண்டுமென்றால் கடை கட்டும் நேரத்தில் செல்ல வேண்டும். மிச்சமானதைத் திரும்பச் சுமந்து செல்ல விரும்பாத வியாபாரி அப்போது விலையைத் தானாகவே குறைப்பார். பழைய குடியிருப்புவாசிகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

"பாவ்" கணக்கு

தமிழகத்திலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது விலை சொல்லும் முறையில். தில்லியில் காய்கறி வியாபாரி கூவும் விலை பல சமயம் ஒரு கிலோவுக்கானது அல்ல. "பாவ்" எனப்படும் கால் கிலோவுக்கானது. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, பணம் கொடுக்கும்போது திகைப்பவர்கள் உண்டு. "கிலோவா, பாவா?" என்று கேட்டுவிட்டுப் பையை நீட்டுவது நல்லது.

ஹிந்தி எண்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "டேட்" என்றால் ஒன்றரை. "டாயி" என்றால் இரண்டரை. எனவே "டேட் சௌ" 150 ரூபாய். "டாயி சௌ" 250 ரூபாய். பள்ளியில் படித்த ஹிந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் இந்த இரண்டு சொற்களில் சறுக்குவது வழக்கம்.

கொசுறு கேட்பதில் தயக்கம் தேவையில்லை. காய்கறி வாங்கி முடித்ததும் ஒரு பிடி கொத்தமல்லித் தழையும் நாலைந்து பச்சை மிளகாயும் இலவசமாகப் பையில் விழுவது தில்லியின் நெடுநாள் வழக்கம். கேட்காதவருக்குத்தான் அது கிடைக்காமல் போகும்.

பருவமும் கவனிக்கத்தக்கது. குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி, காலிபிளவர், சிவப்பு கேரட், கீரை வகைகள் குவிந்து விலை சரியும். கோடையில் அதே பட்டாணிக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். வட மாநிலங்களின் பருவத்தை அனுசரித்துச் சமையலை மாற்றிக் கொள்ளும் குடும்பத்துக்குக் காய்கறிச் செலவு பெருமளவு குறைகிறது.

எங்கே எதை வாங்குவது?

சின்ன வெங்காயம், வாழைப்பூ, சேனை, தேங்காய், நல்ல மீன் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் பெயர் பெற்றது. இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய இப்பகுதிக்கு 2010-ஆம் ஆண்டிலிருந்து மெட்ரோ ரயிலில் நேரடியாகச் செல்லலாம். கரோல் பாக், முனீர்க்கா, மயூர் விஹார் ஆகிய பகுதிகளிலும் தென்னிந்திய மளிகைக் கடைகள் உள்ளன. இட்லி அரிசிக்காக ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த காலம் மலையேறிவிட்டது.

அன்றாடத் தேவைக்கு மதர் டெய்ரி பூத் கைகொடுக்கிறது. 1974-ல் பால் விநியோகத்துக்காகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1988-ல் "சஃபல்" என்ற பெயரில் காய்கறி, பழக் கடைகளைத் திறந்தது. அங்கே விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும், பேரம் இல்லை. தள்ளுவண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமானதா என்று தெரிந்து கொள்ள, சஃபல் பலகையை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது தில்லி இல்லத்தரசிகளின் உத்தி. மளிகைக்கு, மத்திய அரசு ஊழியர்களுக்காக 1963-ல் அமைக்கப்பட்ட கேந்திரீய பண்டார் கூட்டுறவு அங்காடிகள் உள்ளன.

துணிமணிக்கு சரோஜினி நகர். ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு மிஞ்சிய ஆடைகளும், சிறு குறைக்காக ஒதுக்கப்பட்டவையும் இங்கு குவிகின்றன. வெளிச்சத்தில் பிரித்து, தையலையும் "ஜிப்"பையும் சோதித்த பின்னரே விலை பேச வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

விடுமுறை நாளை அறியாமல் அலைந்து திரும்புவோர் ஏராளம். சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் கடைவீதிகளுக்குத் திங்கள்கிழமை வார விடுமுறை. சாந்தினி சௌக், சதர் பஜார், கான் மார்க்கெட், நேரு பிளேஸ் ஆகியவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்கு மேல் கடைக்காரர் கேட்டால் அது சட்ட மீறல். தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைத்துப் புகார் செய்யலாம்.

மாநில இல்லங்களில் மதியச் சாப்பாடு

வெளியே சாப்பிடுவதற்கு தில்லிக்காரர்கள் சொல்லும் ரகசியம் மாநில அரசு இல்லங்களின் உணவகங்கள். அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவனில் அளவில்லாச் சாப்பாட்டுக்கு நாற்காலி பிடிப்பதே ஒரு போட்டி. பருப்புப் பொடியும் நெய்யும் கோங்குரா துவையலும் தேடி வருவோரில் தெலுங்கு பேசாதவர்களே அதிகம் என்னும் அளவுக்கு அது தலைநகரின் பொதுச் சொத்தாகிவிட்டது. ஜந்தர் மந்தர் சாலையில் உள்ள கேரள இல்ல உணவகமும் புகழ் பெற்றது. பசி முற்றிய பிறகு கிளம்பினால் வரிசை நீண்டிருக்கும். சற்று முன்னதாகச் செல்வதே உசிதம் என்பது அனுபவஸ்தர்களின் யோசனை.

பல மாநில உணவுகளை ஒரே இடத்தில் சுவைக்க, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே 1994-ல் தொடங்கப்பட்ட "தில்லி ஹாட்" உண்டு. கைவினைஞர்கள் சுழற்சி முறையில் கடை போடுவதால் ஒரு முறை பார்த்த பொருள் அடுத்த மாதம் இருக்காது. சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. உணவுக்கு விலைப்பட்டியல் உண்டு. கைவினைப் பொருள்களுக்குப் பேரம் உண்டு.

ஹோட்டல் "பில்"லில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. அதே சமயம், ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கும் பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலையைவிட அதிகம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியிருக்கிறது. எனவே சாதாரணக் குடிநீரைக் கேட்டு வாங்குவது சிக்கனம்.

வெயிலும் புல்வெளியும்

தில்லியில் மனிதர்கள் கூடுமிடத்தைத் தீர்மானிப்பது தட்பவெப்பம். ஜனவரி மதியத்தில் குடியிருப்புப் பூங்காவின் புல்வெளியில் பாய் விரித்து, வேர்க்கடலை கொறித்தபடி பட்டாணி உரிக்கும் பெண்களின் வட்டத்தில்தான் பள்ளிச் சேர்க்கை முதல் பணிப்பெண் சம்பளம் வரை எல்லாத் தகவலும் பரிமாறப்படும். ஹிந்தி தெரியாமல் வந்தவர்கள் அதைக் கற்றுக் கொள்வதும் அங்கேதான். குளிர்காலத்தில் வந்து சேரும் குடும்பம் விரைவில் ஒட்டிக் கொள்கிறது. கோடையில் வரும் குடும்பத்துக்கு, கதவுகள் எல்லாம் சாத்தியே இருப்பதால், அக்கம்பக்கம் அறிமுகமாகவே மாதங்கள் ஆகின்றன.

சற்றுத் தொலைவில் செல்ல விரும்புவோருக்கு 1936-ல் திறக்கப்பட்ட லோதி தோட்டமும், சாணக்கியபுரியில் நேரு பூங்காவும் உள்ளன. காபி குடித்துக் கொண்டே அரசியல் பேசுவோர் கன்னாட் பிளேஸ் இந்தியன் காபி ஹவுஸை மறக்க மாட்டார்கள். வேலையிழந்த காபி போர்டு ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957-ல் தொடங்கியது அது. நெருக்கடி நிலைக் காலத்தில் பழைய இடம் இடிக்கப்பட்டதால் மோகன் சிங் பிளேஸுக்கு மாறியது.

தமிழர்களுக்கு ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் முருகன் கோயிலும், 1946-ல் நிறுவப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கமும் சந்திக்கும் இடங்கள். நவராத்திரியில் ஒரு கொலுவுக்குச் சென்றால் பத்து வீடுகளின் அறிமுகம் கிடைக்கும். வீட்டு வேலைக்கு நம்பகமான ஆள் முதல் நல்ல பல் மருத்துவர் வரை அங்கேயே விசாரித்துக் கொள்ளலாம்.

சட்டம் சொல்வது என்ன?

இந்த வாழ்க்கை முறைக்கு அச்சாணியாக இருப்பவர்கள் தெருவோர வியாபாரிகள். நடைபாதை வணிகமும் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் அதை முறைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், தெருவோர வியாபாரிகள் பாதுகாப்பு மசோதா மக்களவையில் 2013 செப்டம்பரிலும் மாநிலங்களவையில் 2014 பிப்ரவரியிலும் நிறைவேறி, அதே ஆண்டு மே 1-ல் நடைமுறைக்கு வந்தது.

கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம். 50 ஆண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நடக்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, இடம் மாற்றாமல் விட வேண்டும் என்கிறது சட்டம். முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அதில் இடமுண்டு என்பது பலர் அறியாத அம்சம்.

ஏட்டில் உள்ள இந்தப் பாதுகாப்பு எப்போதும் தெருவுக்கு வந்து சேர்வதில்லை. தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகளாக நடந்த ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசல் தொடர்பான நீதிமன்ற உத்தரவால் 2019 ஜூலையில் நின்றது. பின்னர் அருகிலுள்ள மகிளா ஹாட்டில் இடம் தரப்பட்டது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா தொற்று பரவியபோது வாரச் சந்தைகள் மாதக் கணக்கில் மூடப்பட்டன.

அடுக்குமாடி வந்த பிறகு...

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. மரங்களை வெட்ட எதிர்ப்பு எழுந்து 2018-ல் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சரோஜினி நகரில் 28 கோபுரங்களில் 2,500-க்கும் மேற்பட்ட வீடுகளைப் பிரதமர் 2025 ஜனவரியில் திறந்து வைத்தார். நௌரோஜி நகரில் 600-க்கும் மேற்பட்ட பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று உலக வர்த்தக மையம் நிற்கிறது.

ஒழுகும் கூரையும் உதிரும் காரையுமாக இருந்த பழைய வீடுகளுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. புதிய வீடுகளில் மின்தூக்கி உண்டு; வாகனம் நிறுத்த இடமும் உண்டு. ஆனால் இரண்டு மாடி வீட்டின் முற்றத்தில் நின்று கீரைக்காரரை அழைத்தது போல் பத்தாவது மாடியிலிருந்து அழைக்க முடியாது. வாயிலில் காவலாளி நிற்கும் வளாகத்துக்குள் தள்ளுவண்டி வர முடியாது. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் காய்கறி வந்துவிடுகிறது. கொத்தமல்லிக் கொசுறும் எதிர் வீட்டுக்காரரின் பெயரும் அதில் வருவதில்லை.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வளாக வாயிலுக்கு வெளியே காலையில் இரண்டு மணி நேரம் தள்ளுவண்டிகள் நிற்க இடம் ஒதுக்குவது, வாரச் சந்தை கூடும் கிழமைகளை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது, நகர விற்பனைக் குழுவில் தங்களுக்குள்ள இடத்தை வியாபாரிகளை விரட்டுவதற்காக அன்றி முறைப்படுத்துவதற்காகப் பயன்படுத்துவது ஆகியவை குடியிருப்போர் நலச் சங்கங்களின் கையில் உள்ளன. புதிதாகக் குடிவரும் குடும்பம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சாமான்களை இறக்கிய மறுநாள் எதிர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தி, "இங்கே சந்தை என்றைக்கு?" என்று கேட்டால் போதும்.