சபையின் மானம்

பலவானைக் கட்டுப்படுத்தாத விதி விதியாகாது. ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, தேசத்துக்கே சட்டம் செய்யும் லோக் சபைக்கும் பொருந்தும். நமது பார்லிமெண்டின் சரித்திரத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

1951-ஆம் வருஷத்தில், முதற் பொதுத்தேர்தலுக்கு முன்னிருந்த தற்காலிகப் பார்லிமெண்டில், எச். ஜி. முத்கல் என்ற அங்கத்தினர் பம்பாய்ப் பொன் வெள்ளி வியாபாரிகளின் சங்கத்தாரிடம் பொருள் பெற்று அவர்கள் பொருட்டுக் கேள்விகள் கேட்டார் என்ற புகார் எழுந்தது. ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் தலைமையில் அமைந்த கமிட்டி விசாரித்து, குற்றம் மெய்யென்றது. முத்கல் காங்கிரஸ்காரர்; ஆயினும் அவரை விலக்கும் தீர்மானத்தைப் பிரதம மந்திரி நேருவே பிரேரேபித்தார். விவாதம் முடியுமுன் முத்கல் ராஜினாமாச் செய்தார். அக்கடிதமே குற்றத்தை மேலும் கனமாக்கியதென்று சபை தீர்மானித்தது. தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டிய அந்தத் துணிவு போற்றத்தக்கது.

2005 டிசம்பரில் அதே குற்றம் மீண்டும் தலைதூக்கிற்று. கேள்விக்குக் காசு வாங்கிய லோக் சபை அங்கத்தினர் பதின்மரும் ராஜ்ய சபை அங்கத்தினர் ஒருவரும் விலக்கப்பட்டனர். சபைகளுக்கு இவ்வதிகாரம் உண்டென்று 2007-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. லஞ்சம் வாங்கி வோட்டளித்த அங்கத்தினருக்கும் பாதுகாப்புண்டு என்ற 1998-ஆம் வருஷத்துத் தீர்ப்பை, ஏழு நீதிபதிகள் 2024 மார்ச்சில் ஒருமனதாக ரத்துச் செய்தனர். இவையெல்லாம் நல்ல படிகளே.

ஆனால் மற்றொரு புறமும் உண்டு. 2023 டிசம்பரில் எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவரை விலக்கும்படி லோக் சபையின் ஒழுக்கக் கமிட்டி சிபார்சு செய்தது. கமிட்டியே ஆறுக்கு நான்கு என்று பிளவுபட்டிருந்தது. அறிக்கை சபையில் வைக்கப்பட்ட அன்றே விவாதம் முடிந்து, விலக்கலும் நிறைவேறிற்று. மறு வருஷம் அதே தொகுதி ஜனங்கள் அவரையே மீண்டும் அனுப்பினர். அதே கூட்டத்தொடரில் இரு சபைகளிலுமாக 146 அங்கத்தினர் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். எதிர்க்கட்சி ஆசனங்களில் பெரும்பகுதி காலியாகக் கிடக்க, குற்றவியல் சட்டங்களை மாற்றும் மூன்று மசோதாக்கள் நிறைவேறின. அரசியல் சட்டத்தின் 93-ஆவது ஷரத்து கட்டளையிட்டும், 2019 முதல் 2024 வரை இருந்த லோக் சபை ஒரு துணைச் சபாநாயகரைத் தேர்ந்தெடாமலே கலைந்தது.

கூச்சலிட்டுச் சபையை முடக்குவதை நாம் ஆதரிக்கவில்லை. ஒழுங்கு மீறுவோரைச் சபாநாயகர் கண்டிக்கவே வேண்டும். ஆயினும் லஞ்சத்தைத் தண்டிக்கும் விதி சபைக்கு ஒரு கண் என்றால், சிறுபான்மையோரின் பேச்சுரிமையைக் காக்கும் விதி மற்றொரு கண். ஒரு கண்ணைக் குத்தி மற்றொன்றுக்கு மையிடுவது எவ்வித நியாயம்? இன்று பெரும்பான்மையாக இருப்போர் நாளை சிறுபான்மையாகலாம். தாம் வளைத்த விதி அன்று தம்மையே அடிக்கும் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

விசாரணைக்குப் போதிய அவகாசம், அறிக்கையைப் படிக்கப் போதிய நாட்கள், எக்கட்சியாருக்கும் ஒரே அளவுகோல்: இம்மூன்றையும் சபை தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். வோட்டுக் கேட்டு வருவோரிடம் இதைக் கேட்பது ஜனங்களின் கடமை. அவர்கள் கேளாதிருந்தால், விதிப் புஸ்தகம் அலமாரிக்கு அலங்காரமாகவே நிற்கும்.