பாட்டும் உண்டு, பசுமைப் பணியும் உண்டு

இசை நிகழ்ச்சிக்கும் புவி வெப்பமடைவதற்கும் என்ன தொடர்பு? மேடைக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரில் எரியும் டீசலும், நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் குவியும் பிளாஸ்டிக் போத்தல்களும்தான்!

அமெரிக்காவின் ‘கஸ்டர்’ இசைக்குழுவைச் சேர்ந்த ஆடம் கார்ட்னரும் அவர் மனைவி லாரன் சல்லிவனும் 2004இல் ‘ரிவெர்ப்’ அமைப்பைத் தொடங்கினர். அதன் தொண்டூழியர்கள் அரங்கிலேயே தண்ணீர் நிரப்பும் வசதி செய்து, ஒரே போத்தலை மீண்டும் மீண்டும் பயன்படுத்த ரசிகர்களை ஊக்குவிக்கிறார்கள்.

ஆனால், பெரிய நிகழ்ச்சிகளில் கரிம வெளியேற்றத்தின் பெரும்பங்கு மேடையிலிருந்து வருவதில்லை. ரசிகர்கள் வந்துபோகும் கார்களும் விமானங்களுமே அதற்குக் காரணம். அதைப் பாடகர் மட்டும் குறைத்துவிட முடியாது.

அடுத்த முறை நிகழ்ச்சிக்குப் போகும்போது எம்ஆர்டியில் ஏறுங்கள், மாணவர்களே. பையில் உங்கள் சொந்தத் தண்ணீர் போத்தலும் இருக்கட்டும்.