மோனேயின் தண்ணீர் ஏன் கோடு கோடாக இருக்கிறது?

1869-இல் பாரிஸுக்கு அருகே, செய்ன் நதிக்கரையில் லா க்ரெனூயேர் என்ற இடத்தில் மோனேயும் ரெனுவாரும் ஒரே காட்சியை வரைந்தார்கள். படகுகள், உல்லாசமாகப் பொழுதுபோக்க வந்த கூட்டம், நடுவில் ஒரு குட்டித் தீவு. மோனே வரைந்ததில் ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இணையத்தில் அந்தப் படத்தைத் தேடி, தண்ணீரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீரே இருக்காது! பட்டை பட்டையாகத் தூரிகைத் தீற்றல்கள்தான் இருக்கும். "அவசரத்தில் இழுத்துவிட்டாரோ?" என்று தோன்றும். அங்கே தான் வரைந்தவற்றை மோசமான முன்வரைவுகள் என்றுதான் மோனேயும் நண்பர் பாஸீய்க்குக் கடிதம் எழுதினார். ஆனால் ஒளியியல் கணக்குப்படி பார்த்தால் அந்தத் தீற்றல்கள் ரொம்பச் சரி.

எப்படி? அசையாத குளம் ஒரே கண்ணாடி. அலையாடும் ஆறோ ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒரு சாய்வில். கண்ணாடி 5 டிகிரி சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி 10 டிகிரி விலகும். அதனால் ஒரே அலையில் நம்மைப் பார்த்த சரிவு வானத்தைக் காட்டும். அதற்கு அடுத்த சரிவு எதிர்க்கரை மரத்தைக் காட்டும். மரத்தின் பிம்பம் துண்டு துண்டாவது இப்படித்தான். கரையில் நின்று சாய்வாகப் பார்ப்பதால் ஒவ்வொரு துண்டும் நசுங்கி, படுக்கைக் கோடாகத் தெரிகிறது. தூரம் போகப்போகக் கோடு மெலிகிறது.

இன்னொன்று. காலடித் தண்ணீரை நேர் கீழே பார்த்தால், விழுகிற ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும். அங்கே தண்ணீரின் சொந்த நிறம் தெரியும். தொலைவில் பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடி, வானம்தான் தெரியும்.

நீங்கள் வரையப்போகிறீர்களா? முதலில் தண்ணீர்ப் பகுதி முழுக்க வானத்தின் நிறத்தைப் பூசுங்கள். முன்பக்கம் கொஞ்சம் அடர்த்தியாக. காய்ந்ததும் தட்டைத் தூரிகையால் மரம், படகின் நிறங்களைப் படுக்கைவாக்கில் இழுங்கள். அருகில் அகலமாக, தூரத்தில் மெல்லிசாக. நடுநடுவே இடைவெளி விடுங்கள். அடியில் இருக்கும் வானம்தான் அலையாகத் தெரியப்போகிறது. வெளிச்சமான பொருளின் பிம்பம் அதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு ஆசை வரும்: இடைவெளிகளை நிரப்பி, கோடுகளைத் தேய்த்து மழமழப்பாக்கினால் படம் 'முடிந்தது' மாதிரி இருக்குமே என்று. அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தேய்த்தால் அலை போய்விடும். மிஞ்சுவது கண்ணாடித் தரைதான்.