ஒலி செல்லும் வழி

கணிப்பொறியில் பாடமோ பாட்டோ ஒலிக்கும்போது, அஃது எந்தக் கருவியின் வழியே வெளிவர வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸ் அமைப்பும் இருந்தது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை அடுத்த விடுதியொன்றில், கண்பார்வையற்ற மாணவர் ஒருவர் அத்தகைய கணினியில் பாடங்களை ஒலிப்பதிவாகக் கேட்டுப் படித்து வந்தார். பௌர்ணமி இரவில் அப்பாதையின் ஆரவாரம் எத்தகையது என்பதை அவ்வூரார் அறிவர். மறுநாளோ தேர்வு! யூ.எஸ்.பி. ஹெட்போனை மாட்டியிருந்தும், பாடம் கணினியின் சிறு ஒலிபெருக்கியிலேயே முனகிற்று.

திரையில் பொத்தானைத் தேடுவது அவருக்கு அரிது. விசைப்பலகையில் தட்டுவது எளிது. எனவே நான் அவருக்கு ஷெல்லின் வழியைச் சொன்னேன்.

ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிரல்களை இயக்கும் இடையாள். அது தான் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் சில பெயர்களையும் அவற்றின் மதிப்புகளையும் கொடுத்தனுப்புகிறது. இவையே சூழல் மாறிகள். பெல் ஆய்வகத்தார் 1979-இல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலும், அதனுடன் வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லிலும் இம்முறை இடம்பெற்றது.

'சாக்ஸ்' தொகுதியைச் சேர்ந்த 'பிளே' என்னும் நிரல், 'ஆடியோடிரைவர்', 'ஆடியோடெவ்' என்னும் இரு மாறிகளைப் பார்க்கும். முன்னதற்கு 'அல்சா' என்றும், பின்னதற்கு 'பிளக்எச்டபிள்யூ', முக்காற்புள்ளி, 1 என்றும் மதிப்புத் தரவேண்டும். மாறிகளின் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி ஆகாது. எண் 1 என்பது இரண்டாம் ஒலி அட்டை. ஏனெனில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது. முன்னால் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல் வேண்டும்; இல்லாவிடில் மதிப்பு ஷெல்லோடு நின்றுவிடும், நிரலைச் சென்றடையாது.

அன்றிரவு பாடம் அவர் செவியில் தெளிவாக ஒலித்தது. ஆயின் மற்றொரு சாளரத்தைத் திறந்தபோது பழைய முனகலே கேட்டதாம்! இதில் வியப்பில்லை. ஊருக்குப் புறப்படும் மகனுக்குத் தந்தை முகவரிகளைப் படியெடுத்துக் கொடுக்கிறார். மகன் தன் தாளில் எதைத் திருத்தினாலும் வீட்டிலுள்ள தாள் மாறுவதில்லை, தம்பியின் தாளும் மாறுவதில்லை. ஷெல்லும் அவ்வாறே. எல்லாச் சாளரத்துக்கும் பொதுவாக வேண்டுமெனில், ஷெல் தொடங்கும்போது படிக்கும் 'பாஷ்ஆர்சி' கோப்பில் அவ்வரிகளை எழுதிவைக்க வேண்டும். அங்கே எண்ணுக்குப் பதிலாக அட்டையின் பெயரை எழுதச் சொன்னேன். கருவிகளை மாட்டும் வரிசை மாறினால் எண்ணும் மாறக்கூடும்.