துஆவும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். சங்கிலி மட்டும் வேண்டாம்

2001 ஆகஸ்ட் 6. விடியும் முன்னே ஏர்வாடி தர்காவை அடுத்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலி பூட்டிக் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கனவில் உத்தரவு வரும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று காத்துக் கிடந்தவர்கள் அவர்கள்.

அதற்காகத் தர்காவையும் கோயிலையும் எதிரியாக்க வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் அவர்களின் நோய் அறிகுறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அடித்து விரட்டாத, ஏச்சுப் பேச்சு இல்லாத ஓர் இடம் கிடைத்ததே பெரிய மருந்தாக இருந்திருக்கிறது. ஆனால் நோய் முழுதும் போய்விடவில்லை. மீதிக்கு மருத்துவர் வேண்டும்.

இரண்டையும் ஒரே வளாகத்தில் சேர்த்ததுதான் 'தவா-துஆ' திட்டம். தவா என்றால் மருந்து, துஆ என்றால் பிரார்த்தனை. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதர் தர்காவில் தொடங்கிய இந்த முறை பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. ஓதி முடித்தவரே, "அப்படியே அந்த டாக்டரையும் பார்த்துட்டுப் போங்க" என்று அனுப்புகிறார். குடும்பத்துக்கு அவர் சொல்லே வேதவாக்கு என்பதால் மாத்திரை உள்ளே போகிறது.

மருத்துவர் பக்கமும் பணிவு வேண்டும். ஒரு மருத்துவமனையில் நான் பார்த்தது: மகனின் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னார்கள். தாய் ஒன்றும் பேசவில்லை. வெட்டிய கயிற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த முறை மருந்து வாங்க அவர்கள் வரவில்லை. அந்தக் கயிறு எந்த மாத்திரைக்கும் தடையாக இருந்திருக்காது.

விரதம் அப்படியல்ல. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயில் காலத்தில் தண்ணீரும் குடிக்காமல் நோன்பிருந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி விஷமாகலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோன்பு பற்றி முன்கூட்டியே சொன்னால் வேளையை மாற்றலாமா, நோன்பையே தவிர்க்க வேண்டுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பில் உயிரே போகலாம். காய்ச்சலோடு திடீரென உளறுவது பேய் பிடித்ததாகத் தெரியும். அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனி சட்டம். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது (பிரிவு 95). வேண்டுதல், பாதுகாப்பு என்று எந்தக் காரணம் சொன்னாலும் செல்லாது. சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோயாளிகளைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டிப்போட்டிருப்பதையோ பட்டினி போடுவதையோ கண்டால் சொந்தக்காரர்தான் புகார் தர வேண்டும் என்றில்லை. யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் சொல்லலாம் (பிரிவு 101). அதை உடனே நடுவருக்குத் தெரிவிப்பது காவல் அதிகாரியின் கடமை. வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மனநோயாளிக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100-இல் கேட்கலாம்.

இரவில் பிள்ளை கட்டுக்கடங்காமல் போகும்போது ஒரு தாய் தாம்புக்கயிற்றைத் தேடுவதன் வேதனை எனக்குப் புரிகிறது. அந்த நேரத்துக்குத்தான் 14416, 'டெலி மானஸ்'. இரவு பகல் பாராமல் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஆபத்து கையை மீறினால் 108. விடிந்ததும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தாயத்து கையிலேயே இருக்கட்டும். நோன்பு, வேண்டுதல், குடித்த நாட்டு மருந்து எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திரும்பும் வழியில் ஓதுபவரிடமோ பூசாரியிடமோ மாத்திரை அட்டையைக் காட்டி, இதை விடக் கூடாது என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேளுங்கள்.